வலையில வந்த வைத்தியர்!

தூத்துக்குடி போனா என்ன பண்ணுவீங்க? பனிமய மாதா கோயில், துறைமுகம், கையில ஒரு பொட்டலம் மக்ரூன்... அவ்வளவுதானே? அடுத்த தடவை, விசைப்படகுகள் கரை திரும்புற நேரமாப் பார்த்து மீன்பிடித் துறைமுகத்துக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க.

ஏலம் போற மீனை விடுங்க. வலையை உதறும்போது ஓரமா விழுற கழிவைப் பாருங்க. நண்டு ஓடு, சிப்பித் துண்டுகளுக்கு நடுவுல, கிழிஞ்ச நுரைமெத்தை மாதிரி ஒண்ணு கிடக்கலாம். அதுதான் கடற்பஞ்சு. செடி இல்லீங்க, விலங்கு!

மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்களில் ஒட்டி வாழ்ற ஜீவன் இது. ஓட காலில்லை, கடிக்கப் பல்லில்லை. நாள் முழுக்க கடல் தண்ணியை உறிஞ்சி, அதிலிருக்கிற பாக்டீரியாவை வடிகட்டிச் சாப்பிடுது. அத்தனை கிருமி உள்ளே வந்தும் அழுகாம இருக்கே, எப்படி? உடம்புக்குள்ள இருக்கிற வேதிப்பொருள்கள்தான் காவல். அதுல பலதைத் தயாரிக்கிறது, பஞ்சுக்குள்ளேயே குடியிருக்கிற நுண்ணுயிர்கள். பிரியாணிக்குப் போடுற கல்பாசி தெரியுமில்ல? அதுவும் இப்படித்தான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துற கூட்டுக் குடித்தனம். அந்த வகைப் பாசிகளிலும் கிருமிகொல்லிகள் உண்டு.

தூத்துக்குடிக் கடற்பஞ்சுகளை வெச்சு நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கு. பஞ்சை மெத்தனாலில் ஊறவெச்சு, வடிகட்டி, சாறை வற்ற வைக்கணும். அதை 6 மி.மீ. வடிதாள் வில்லையில ஏத்தி, பாக்டீரியா பரப்பின அகார் தட்டுல வெச்சு, 37 டிகிரியில ஒரு நாள் விடணும். மறுநாள் வில்லையைச் சுத்தித் தெளிவா ஒரு வட்டம் தெரிஞ்சா, அங்கே பாக்டீரியா வளரலைன்னு அர்த்தம். வெறும் மெத்தனால் தொட்ட வில்லை ஒண்ணும் பக்கத்துல வைக்க மறந்துடாதீங்க. அதைச் சுத்தியும் வட்டம் வந்தா, ஹீரோ பஞ்சு இல்ல, மெத்தனால்!

அப்போ மருந்து ரெடியா? அதுதான் இல்லை. கிருமியைக் கொல்ற பொருள் நம்ம செல்லையும் கொல்லலாம். அடுத்த சிக்கல், அளவு. நியூசிலாந்தில் ஒரு டன் கடற்பஞ்சிலிருந்து கிடைத்த ஹாலிகான்ட்ரின் சுமார் 300 மில்லிகிராம்தான். அதன் அமைப்பைப் படிச்சு ஆய்வகத்திலேயே செய்த 'எரிபுலின்'தான் 2010-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் மருந்தாக அனுமதி வாங்கியது.

முத்து விஷயத்துலயும் இதே கதைதான். சிப்பி குறைஞ்சு, 1961-ஓடு இங்கே முத்துக்குளிப்பு நின்னுபோச்சு. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், பக்கத்து வேப்பலோடையில் முத்தை வளர்த்தே எடுத்துக் காட்டினாங்க.

பழைய ஆன்டிபயாடிக்குகளுக்கு அசராத பாக்டீரியாக்கள் பெருகிட்டே வர்ற காலம் இது. புது மருந்து கட்டாயம் வேணும். ஆனா கடலிலிருந்து நாம எடுக்க வேண்டியது பஞ்சை இல்ல, அதோட செய்முறையை! 1986-ல் தேசியப் பூங்காவான 21 தீவுப் பக்கம் கை நீட்டாதீங்க. மருந்து தேடுறவங்களுக்கு, வலை உதறின கழிவிலேயே முதல் பாடம் கிடக்கு.

மக்ரூன் அப்புறமா சாப்பிடலாம். முதல்ல அந்தக் குப்பையைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க!