ஊத்தின ஆயில் எங்கே?

கார் டேஷ்போர்டில், வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி சிவப்பாக எரிந்தது. ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்கவில்லையோ என்று அழுத்திப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. விளக்கு அணையவில்லை.

'ஏதாவது ஒயர் கோளாறா இருக்கும்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிரேக் பிடிக்கிறதே... வேறென்ன வேண்டும்?

மகள் விடவில்லை. ''அப்பா, சிவப்புன்னா நிக்கணும்தானே?''

பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு, மினிமம் கோட்டுக்குக் கீழே! மூடியில் போட்டிருந்த டாட் 3 ஆயிலையே ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினேன். விளக்கு அணைந்தது. பி.காம் படித்தவனுக்குள் திடீரென்று ஒரு இன்ஜினீயர் பெருமை!

பத்தே நாளில் மறுபடி எரிந்தது.

அந்த சனிக்கிழமை ஏற்காடு போவதாகத் திட்டம். அம்மாவின் பல வருஷ ஆசை. இன்னொரு பாட்டில் வாங்கக் கிளம்பியவன், என்ன தோன்றியதோ, மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

''ஊத்துனீங்க, சரி. ஊத்துன ஆயில் எங்க சார் போச்சு?''

முழித்தேன்.

''பெட்ரோல் மாதிரி செலவாகுற சமாசாரம் இல்ல சார் இது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்துக்கு ஆயில் இறங்கும். அதுக்கு மாசக்கணக்கு ஆகும். பத்து நாள்ல இறங்குச்சுன்னா எங்கயோ ஒழுகுது!''

பின்பக்கம் இடது டிரம்மைத் தட்டிக் கழற்றினார். வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஷூ முழுக்க ஆயில். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, அத்தனையும் டிரம்முக்குள்ளேயே!

''ஏற்காட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. ஏறிடலாம் சார்... இறங்கணுமே?''

முதுகு சில்லிட்டது.

டிரையல் பேலன்ஸில் பத்து ரூபாய் டேலி ஆகவில்லை என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடியவன் நான். குறைந்த பணத்தைக் கையிலிருந்து போட்டு நிரப்பக்கூடாது, எங்கே போனது என்று பார்க்கணும் என்பது கல்லூரியில் படித்த பாடம். அம்மாவை உட்காரவைத்து ஓட்டும் வண்டியில், விளக்கு அணைந்தால் போதும் என்று இருந்துவிட்டேனே!

சிலிண்டர், ஷூ எல்லாம் மாற்றி, ஏர் எடுத்து, ஒரு வாரம் தள்ளித்தான் ஏற்காடு போனோம். இறங்கும்போது அம்மா பள்ளத்தாக்கை ரசித்துக்கொண்டு வந்தார்.

மகள் மட்டும் பின் சீட்டிலிருந்து எட்டி எட்டி, டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.