அரைப்பேர்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்து ஆராய்கிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி நாடு முழுவதிலும் வறியோர் 14.3 சதவீதம், தோட்டங்களில் 33.8.

அட்டனில் வாப்பாவின் பலசரக்குக் கடைக்கு வருவோரில் பலர் தோட்டத்தவர்கள். 2021இல் அவர்களின் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. கடன் கொப்பி மட்டும் மெலியவில்லை. சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர்தான். வேலையில்லாத நாளுக்கு அதுவும் இல்லை. நாட்சம்பளத்தை இருபத்தைந்தால் பெருக்கி மாத வருமானம் என்போர் இதைப் பார்ப்பதில்லை.

"கொப்பியை வைத்தே கணக்குப் போடலாமே" என்றான் தம்பி. முடியாது. கடன் வாங்கியோர் மட்டுமே அதில் உண்டு. காசு கொடுத்து வாங்குபவரும் இல்லை, கடனே கிடைக்காதவரும் இல்லை. யாரைக் கேட்பது, எத்தனை பேரைக் கேட்பது, விடுபட்டோரை எப்படிச் சேர்ப்பது? இதைக் கற்கத்தான் பேராதனையில் பிரயோக புள்ளிவிபரவியல் முதுமாணிக்கு விண்ணப்பிக்கிறேன்.

பெண் கேட்டு வருவோருக்கு என்ன சொல்வதென்று உம்மாவுக்குக் கவலை. அதுவும் நியாயம்தான். வாப்பா சம்மதித்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு: ஆய்வுக்கென்று நம் கடையில் கடன் உள்ளவர் வீட்டுக்கு நான் போகக் கூடாது.

"கடன் கொடுத்தவன் மகள் வந்து கேட்டால், வருமானத்தை யார் மகள் உண்மையாகச் சொல்வார்?"