சூரியனில் தொடங்கும் வம்சம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கும் என் அக்கா, பிள்ளைகள் இரண்டு பேரையும் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறாள். கணக்குக்கும் அறிவியலுக்கும் புத்தகம் அமைந்துவிட்டது. வரலாற்றுக்கு மட்டும், எந்த மதத்தின் பக்கமும் சாயாத ஒன்றைத் தேடித் தரச் சொன்னாள். தேடினேன். சில புத்தகங்களில் புராணம் நடந்த சம்பவமாகவே வந்துவிடுகிறது. சிலவற்றில் மதத்தின் பேச்சே இல்லாமல், கோயிலும் பள்ளிவாசலும் வெறும் கட்டடங்களாக நிற்கின்றன. இரண்டும் பிள்ளைகளுக்கு ஆகாது.

அப்போதுதான் எங்கள் மாவட்டத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் நினைவுக்கு வந்தன. 1905-இல் கிடைத்தவை. முதலாம் இராசேந்திரன் காலத்தவை. சோழ முத்திரை பதித்த வளையத்தில் கோத்த 31 ஏடுகள். வடமொழிப் பகுதி சோழர் வம்சத்தைச் சூரியனில் தொடங்குகிறது. மனு, இட்சுவாகு, சிபி என்று இறங்கி, கரிகாலனைத் தொட்டு, விசயாலயனுக்கு வருகிறது. தமிழ்ப் பகுதிக்கு வந்தால் பேச்சே வேறு: பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த விவரமும் எல்லைகளும். சோழர் காலத்தில் இப்படி ஊர் கொடுக்கும்போது பெண் யானையை எல்லை சுற்றி நடத்திக் கல்லும் கள்ளியும் நட்டார்கள். அந்த யானைக்குப் பின்னால் அதிகாரிகளும் ஊராரும் நடந்துபோவதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இதைச் சொன்னபோது சின்னவள் கேட்டாள்: “மாமா, சூரியனுக்குப் பிள்ளை பொறக்குமா?”

“பொறக்காதும்மா. ஆனா ராசா அப்படி எழுதி வைக்கணும்னு ஆசைப்பட்டார். அந்த ஆசை நெசம்.”

பெரியவன் விடவில்லை. “அப்ப பழையனூரு?”

“அது இப்பவும் திருவாலங்காட்டுப் பக்கத்துல இருக்கு.”

நம்பிக்கையைக் கேலி செய்யவும் வேண்டாம், அதைச் சம்பவமாக்கவும் வேண்டாம். யார், எதற்காக, யாருக்குச் சொன்னார் என்று கேட்கப் பழகினால் போதும். இந்த ஒரு சாசனம் அந்தப் பழக்கத்தைத் தருகிறது. நான் பார்த்த புத்தகங்களில் பாதி தரவில்லை.

அதே மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு முந்தியவை என்று 2011-இல் சாந்தி பாப்புவின் குழு வெளியிட்டது. மண்ணில் பதிந்திருந்த காந்தத் திசையையும், விண்கதிர்கள் கல்லில் விட்ட சுவட்டையும் அளந்து சொன்ன கணக்கு அது. எண்ணை மட்டும் அச்சிட்டு, அளந்த விதத்தை விட்டுவிடும் பாடநூலை நான் ஒதுக்கிவிடுவேன். பழவேற்காட்டு டச்சுக் கோட்டையின் மிளகையும் துணியையும் சொல்லிவிட்டு, அங்கிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களைச் சொல்லாத நூலையும் அப்படித்தான்.

அக்காவிடம் கடைசியில் ஒரே புத்தகத்தைச் சொல்லவில்லை. ஒரே காலத்தைப் பற்றிய இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தால் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிற அன்று, அங்கிருக்கும் தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்குள்ளும் ஒருமுறை கூட்டிப் போங்கள்.