கறி மீன் வேண்டாம், கணக்கு வேண்டும்

இந்தக் கட்டுரையில் என் தோழியின் பெயர் இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை. தூத்தூருக்கும் குளச்சலுக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊர் என்று மட்டும் எழுது என்றாள். அவள் பயந்தவள் அல்ல. அடுத்த மாதம் யாருக்காவது வலை கிழிந்தால், எஞ்சின் நின்றால், மீன் படாமல் போனால், "பொம்பளைய ஏத்திட்டுப் போனானே, அதான்" என்று அவளுடைய தம்பியைச் சொல்வார்கள். அவனுக்காகத்தான் பெயரை மறைக்கச் சொன்னாள்.

எங்கள் பழக்கம் மீனில் தொடங்கியது. இருபது வருடங்களுக்கு முன்பு நாகர்கோவிலில் எங்கள் தெருவுக்குத் தலைச்சுமையாக மீன் கொண்டு வருவாள். என் அம்மா அவளைப் பின்வாசலில் உட்காரவைத்து, தனி டம்ளரில் தண்ணீர் கொடுப்பாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். 2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு முதிய மீன்காரப் பெண்ணை, நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி வந்தபோது எல்லோரும் கொதித்தோம். நானும் கொதித்தேன். எங்கள் வீட்டுப் பின்வாசலும் அந்தப் பேருந்தும் ஒன்றுதான் என்பது எனக்கு உறைக்கச் சில நாள் ஆயிற்று.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தது. ஆழ்கடலுக்குச் சூரைக்கும் சுறாவுக்கும் போயிருந்த விசைப்படகுகளில் அவள் கணவர் இருந்த படகும் ஒன்று. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாத மரணத்துக்குக் காகிதம் வாங்க அவளோடு அலைந்தேன். மனுக்களை நான்தான் எழுதினேன். அப்போதுதான் தோழிகள் ஆனோம். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி அவளிடம், "நீ ஜெபத்துல கொறை வச்சியோ?" என்று கேட்டாள். தகழியின் 'செம்மீன்' 1956இல் வந்தது. கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கம்தான் கடலில் இருக்கும் கணவனைக் காக்கும் என்ற நம்பிக்கையைச் சுற்றி எழுதப்பட்ட நாவல். அதைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் படித்தபோது பழங்கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

நிவாரணப் பணத்தில் ஒரு பகுதியை அவள் தம்பியின் ஃபைபர் படகில் போட்டாள். படகிலும் எஞ்சினிலும் பாதி அவளுடைய பணம். பதிவு முழுவதும் தம்பி பெயரில். வாரக் கணக்கு முடிந்ததும் அவன் ஒரு தொகை தருவான். என்ன மீன், என்ன விலை, எவ்வளவு மண்ணெண்ணெய் என்று கேட்டால், "நீ கடலுக்கு வந்தியா, ஒனக்கு என்ன தெரியும்?" என்பான்.

"அப்பம் நான் வாறேன்" என்றாள் ஒரு நாள். சொன்னதோடு நிற்கவில்லை. மூன்று மாதம் அவனை விடாமல் அரித்தாள். என்னையும் கூப்பிட்டாள். "படிச்சவ ஒருத்தி கூட இருந்தா அவன் வாய் அடங்கும்."

பெண்கள் கடலுக்குப் போகக்கூடாது என்பதற்குக் கரையில் மூன்று காரணம் சொல்வார்கள். தீட்டு. ஒதுங்க இடமில்லை. உடம்பில் பலமில்லை. ராமநாதபுரம் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் தலைமுறையாகக் கடலில் மூழ்கித்தான் பிழைக்கிறார்கள். திருச்சூர் மாவட்டத்து ரேகா கணவருடன் மீன்பிடிக்கப் போய், ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு உரிமமும் பெற்றார். இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். "அது அந்த ஊரு" என்றான்.

பிப்ரவரியில் ஒரு நாள் சம்மதித்தான். மற்ற படகுகள் போன பிறகு, விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். தம்பி, அவனுடைய மச்சான், ஒரு பெரியவர், நாங்கள் இருவர். பெரியவர் அவளைப் பார்த்து, "ரெண்டு பேரும் சுத்தமாத்தான இருக்கிய?" என்றார்.

எனக்கு அன்று இரண்டாம் நாள்.

அவளுக்கு அது தெரியும். முதல் நாள் இரவு அவள் வீட்டில்தான் படுத்திருந்தேன். "ஓ" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினாள்.

ஒதுங்க இடமில்லை என்ற காரணத்துக்கு அவள் ஒரு பிளாஸ்டிக் வாளியும் பழைய போர்வையும் கொண்டு வந்திருந்தாள். அணியத்தில் நான் போர்வையைப் பிடிக்க அவளும், அவள் பிடிக்க நானும். ஆண்கள் மூவரும் பின்பக்கம் திரும்பி எஞ்சினைப் பார்த்தார்கள். நூற்றாண்டுக் காரணம் ஒன்று அந்த வாளியோடு முடிந்தது.

விடிந்தபோது அவள் கரையைத் திரும்பிப் பார்த்தாள். தேவாலயக் கோபுரங்கள் விரல் அளவில் தெரிந்தன, பின்னால் மலை. கோபுரத்தையும் மலை முகட்டையும் நேர்க்கோட்டில் வைத்துப் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதைக் கணியம் பார்ப்பது என்பார்கள். பெரியவர் சொல்லிக் கொடுத்தார். இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது, ஆனாலும் அவர் கண் மலையைத்தான் தேடியது. "நாப்பத்தஞ்சு வருசமா அங்க இருந்து இங்க பாத்தேன். இங்க இருந்து அங்க இண்ணைக்குத்தான் பாக்கேன்" என்றாள் தோழி. கணவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கரை மறைந்த பிறகு பறவைகள் தெரிந்தன. ஓரிடத்தில் கூட்டமாகத் தாழ்ந்து பறந்தால் அடியில் சிறு மீன் இருக்கிறது, அதைச் சூரை மேலே துரத்துகிறது என்று அர்த்தம். நரம்புத் தூண்டில்களில் பளபளக்கும் பொய் இரையைக் கட்டிப் படகுக்குப் பின்னால் விட்டு, கூட்டத்தின் ஓரமாகவே ஓட்டினார்கள். நடுவில் ஓட்டினால் கூட்டம் கலைந்துவிடும்.

முதலில் வரிச்சூரைகள் பட்டன. வயிற்றில் கோடு கோடாக இருக்கும் சிறிய சூரை. பிறகு ஒரு நரம்பு வேறு மாதிரி இறுகியது. சைக்கிள் டியூபை வெட்டி விரல்களில் மாட்டிக்கொண்டு அதை எடுத்தவள் அவள்தான். தம்பி, "விடு, கை அறுந்துரும்" என்று வந்தான். அவள் விடவில்லை. கேரை, மஞ்சள் துடுப்புச் சூரை. அது நேராகக் கீழே போகும். அப்போது இழுத்தால் நரம்பு அறும். விட்டுக் கொடுத்து, அது களைக்கும்போது எடுக்க வேண்டும். பெரியவர் "விடு... இப்ப எடு... விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் அவளை இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தேன். படகோரம் வந்ததும் மச்சான் கொக்கி போட்டுத் தூக்கினான். இருபது கிலோ இருக்கும் என்றார்கள்.

அதன் பிறகுதான் அவள் யார் என்று அந்தப் படகுக்குத் தெரிந்தது. மச்சான் மீனை அப்படியே ஐஸில் போடப் போனான். அவள் தடுத்து, கத்தியை வாங்கி, செவுளுக்குப் பின்னால் கீறி இரத்தத்தை வடியவிட்டாள். குடலை எடுத்துக் கழுவி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்பினாள். "தொட்டுப் பாரு" என்று என் கையை எடுத்து உள்ளே வைத்தாள். சூடாக இருந்தது. பெரும்பாலான மீன்களின் உடம்பு கடல்நீரின் குளிர்ச்சியிலேயே இருக்கும். சூரை தன் தசைச் சூட்டை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். போராடிய மீன் இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூடு தணியாவிட்டால் சதை கறுக்கும். ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் கூடும். சமைத்தாலும் அது போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிக்கும். அவள் ஹிஸ்டமின் என்ற சொல்லைக் கேட்டதில்லை. "சொறியும்" என்றாள். "ஏலத்துல நீங்க கொண்டாந்து போடுகதுல பாதி கறுத்த மீனு. வெல இல்லேன்னு ஏவாரிய ஏசுவிய. தப்பு இங்கதான் நடக்கு." மூன்று ஆண்களும் பேசாமல் கேட்டார்கள்.

சூரையால் நிற்க முடியாது, நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடும், மூச்சு கிடைக்கும் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். நம்மைப் போலத்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். "அதுக்கு ஓடுகது மூச்சு. எனக்கு ஓடுகது கடன். ரெண்டும் ஒண்ணா, டீச்சரே?"

மாலையில் திரும்பும்போது இரண்டு கேரையும் ஒரு பெட்டி நிறைய வரிச்சூரையும் இருந்தன. நல்ல பாடு. தம்பி சொன்னான்: "இண்ணைக்கு நீவாடு நல்லா இருந்துச்சு." நீரோட்டத்துக்குப் போயிற்று பெருமை. வெறும் படகாகத் திரும்பியிருந்தால் பழி யாருக்குப் போயிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் சுத்தமாக இல்லாத அந்த நாளில் கடல் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதைச் சொல்லித் தீட்டு பொய் என்று நிரூபிக்கவும் நான் விரும்பவில்லை. மீன் படாமல் போயிருந்தாலும் அது பொய்தான். நிறைந்த பெட்டியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், வெறும் பெட்டியின் சாட்சியையும் ஏற்க வேண்டிவரும்.

கரையில் ஏலம் முடிந்தது. ஐஸும் மண்ணெண்ணெயும் கழித்து மிச்சத்தில் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு என்பது அவர்கள் படகின் கணக்கு. ஆட்களின் பாதியைத் தம்பி மூன்றாகப் பிரித்தான். பிறகு நான்கு வரிச்சூரையைப் பையில் போட்டு, "கறிக்கு" என்று அக்காவிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "கறி மீன் வேண்டாம். நாலாப் பிரி. அந்தக் கேரைய எடுத்தது ஆரு?"

தம்பி சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. அவளும் நகரவில்லை. கடைசியில் பெரியவர்தான் பேசினார். "அவ வேல செய்தாடா. குடுத்துரு." காலையில் எங்களிடம் சுத்தம் கேட்ட அதே பெரியவர்.

நான்காகப் பிரித்தான். அவள் பணத்தை இரண்டு முறை எண்ணினாள். விரல்களில் டியூபை மீறி நரம்பு அறுத்த கோடுகள் இருந்தன.

அதன் பிறகு அவள் கடலுக்குப் போகவில்லை. கேட்கும்போதெல்லாம் திருநாள் முடியட்டும், காற்று அடங்கட்டும் என்கிறான் தம்பி. ஜூன் தொடங்கினால் தடைக்காலம். படகு இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது. பாதியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு ஒரு மனு எழுதச் சொல்லியிருக்கிறாள். எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் மீன், விலை, மண்ணெண்ணெய், ஐஸ் எல்லாம் எழுதிய கணக்கு நோட்டு அவள் வீட்டுக்கு வருகிறது. "நீ கடலுக்கு வந்தியா?" என்று கேட்க அவனிடம் இனி வாய் இல்லை.

மீன் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தால் முன்வாசல் வழியாகத்தான் வருகிறாள். அம்மா இப்போது இல்லை. அந்தத் தனி டம்ளரை நான் தூக்கி எறிந்துவிட்டேன் என்று ஒருநாள் சொன்னேன். "எறிஞ்சியா? எவர்சில்வர்லா அது" என்றாள்.