இருநூற்றேழு படிகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மலை என்று பெயர்பெற்றவை பெரும்பாலும் மலைகள் அல்ல, பாறைகள். நார்த்தாமலை, குடுமியான்மலை என்று பெயரில் மலை இருந்தாலும், கொல்லிமலையைக் கண்டவர்கள் இவற்றைக் குன்று என்று ஒப்புக்கொள்ளவே சற்றுத் தயங்குவார்கள். விராலிமலையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. மொத்தம் 207 படிகள். இளவட்டங்கள் ஒரே மூச்சில் ஏறிவிடுவார்கள். நாற்பதைக் கடந்த எங்களுக்கோ இடும்பன் சந்நிதிக்கு அருகில் ஒருமுறை நிற்கத் தோன்றும். மயிலைப் பார்ப்பதுபோல் ஒரு பாவனை செய்துகொள்வோம். மயில்களும் குறைவின்றி இருப்பதால் பாவனைக்குப் பழுதில்லை.

இவ்வளவு சிறிய மலைக்கு இவ்வளவு பெரிய கூட்டம் எப்படிப் பொருந்துகிறது என்பது தைப்பூசந்தோறும் எங்கள் வீட்டில் எழும் கேள்வி. திருச்சியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வந்தால் ஊர் வந்துவிடுகிறது. நான்குவழிச் சாலை வந்தபின் அது அரைமணிப் பயணம். காலைச் சிற்றுண்டியைத் திருச்சியில் முடித்துவிட்டு, தரிசனமும் ஆனபின் மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். கூட்டத்துக்கு ஊர் பழகாததன்று. 2019 ஜனவரியில் இங்கு நடந்த ஜல்லிக்கட்டில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு, உலக சாதனை என்று பேசப்பட்டது. மனிதர்கள் எவ்வளவு பேர் வந்தாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும். அதை மூச்சுமுட்ட வைப்பவை வண்டிகள்தாம்.

கணக்கு எளியது. ஒரு பேருந்து ஐம்பது பேரை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. ஒரு கார் நான்கு பேரை இறக்கிவிட்டு, அவர்கள் ஏறி, தொழுது, இறங்கி, டீ குடித்து வரும்வரை அங்கேயே நிற்கிறது. அக்காலத்து மாட்டுவண்டியும் நின்றதுதான். ஆனால் மாட்டுக்கு நிழலும் வைக்கோலும் வேண்டுமாகையால் அது ஊருக்கு வெளியே தோப்பைத் தேடிப் போயிற்று. காருக்கு அத்தகைய தேவை எதுவும் இல்லை. வாசல் எதிரே வெயிலில் நாளெல்லாம் நிற்கும். வயலோரம், காலிமனை, கடைவாசல் யாவும் நிறைந்தபின் தேர் ஓடும் வீதிக்கும் வந்துவிடுகிறது.

மேலே செல்ல இப்போது வாகனப் பாதையும் உண்டு. அதைக் குறித்து எங்களுக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. அருணகிரிநாதரை வகுப்பில் நடத்துகிறவர்களுக்குப் படிகளின்மேல் ஒரு மயக்கம் இருக்கும். வழிதவறிய அருணகிரியாருக்கு வேடன் உருவில் வந்து முருகன் வழிகாட்டிய தலம் இது என்பது கதை. அப்படிப்பட்ட இடத்தில் குளிர்பதனக் காரில் போய் இறங்குவதா என்று உணவு மேசையில் பேசிக்கொண்டிருந்தோம். எழுபத்தெட்டு வயதான அம்மா, முழங்காலில் தைலம் தேய்த்தவாறே, "சுருட்டையே ஏத்துக்கிற சாமி, காரையாப்பா வேண்டாங்கப் போகுது?" என்றார். விராலிமலையில் முருகனுக்குச் சுருட்டு படைக்கும் வழக்கம் உண்டென்பதை அறிந்தவர்களுக்கு இந்த வாதத்தின் வலிமை புரியும். அதன்பின் வழக்கில் எங்கள் தரப்பு பேசவில்லை.

படிகளைப் புகழ்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஏறுபவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாள் ஏழு வயதில் இக்கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்டவர். இங்கே ஆடலும் பாடலுமாகத் தொண்டுசெய்த 32 பெண்களில் ஒருவர். 2022இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் இந்தப் படிகள் அன்றாட வேலைக்குப் போகும் வழி. மடைப்பள்ளிக்கு அரிசி சுமந்தவர்களுக்கும் அப்படியே. விடியலிலும் மாலையிலும் ஏறி இறங்கிய கால்களைக் கேட்டால், படியின் அழகியல் குறித்து வேறொரு கட்டுரை கிடைக்கக்கூடும்.

ஆகவே மேலே கொண்டுசேர்க்கும் வசதி எதற்கும் நாங்கள் எதிரிகள் அல்லர். பழநியில் 1966இலேயே இழுவை ரயில் வந்துவிட்டது. மக்கள் அதை 'வின்ச்' என்றே அழைக்கிறார்கள். 2004இல் ரோப்கார் வந்தது. 1,305 படிகள் கொண்ட சோளிங்கரிலும், 1,017 படிகள் கொண்ட அய்யர்மலையிலும் 2024இல் ரோப்கார்கள் ஓடத் தொடங்கின. ஆயிரம் படி என்பது விளையாட்டல்ல. சோளிங்கரில் டோலியில் தூக்கிச்செல்லப்பட்ட முதியவர்களைக் கண்டவர்கள், தூக்கியவர்களின் தோள்களையும் கண்டிருப்பார்கள்.

ஆனால் ஏற்றிவிடும் எந்திரம் கூட்டத்தைக் குறைப்பதில்லை. கூட்டம் நிற்கும் இடத்தை மாற்றுகிறது. படி என்பது தன்னளவில் ஒரு மடை. ஏறுகிறவர்கள் அவரவர் மூச்சுக்கேற்பப் பிரிந்து, மேலே சிறுசிறு கூட்டமாகச் சென்று சேர்வார்கள். வின்ச்சுக்கு நிற்பவர்களோ கீழே ஒரே வரிசையில் தேங்குகிறார்கள். பழநியில் விசேஷ நாள்களில் ஏறிவிடக்கூடிய நேரத்தைவிட அதிக நேரம் அந்த வரிசையில் நிற்க நேரும். நிற்பவர்களில் பாதிப்பேர் ஏறக்கூடியவர்கள். காற்று பலமாக வீசினால் ரோப்கார் நின்றுவிடும். ஆண்டுதோறும் பராமரிப்புக்காகவும் நிறுத்தப்படும்.

இது முருகன் மலைகளுக்கு மட்டுமே உரிய சிக்கல் என்று எண்ணவேண்டாம். பனிச்சறுக்கு விளையாடும் நாடுகளிலும், புகழ்பெற்ற பெருமலைகளை விட்டுப் பக்கத்திலுள்ள சின்ன மலையைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அங்கும் முதலில் நிறைவது வண்டி நிறுத்துமிடம். அடுத்து, மேலே தூக்கிச்செல்லும் நாற்காலிக்கான வரிசை. சில மலைகளில் இப்போது வண்டி நிறுத்தவே முன்பதிவு செய்யவேண்டும். அந்தத் தொங்கும் நாற்காலி முதன்முதலில் அமைந்தது 1936இல், அமெரிக்காவின் சன் வேலியில். அதை வடிவமைத்த ஜேம்ஸ் கர்ரன் என்ற ரயில்வே பொறியாளர், வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலில் ஏற்றும் கருவியிலிருந்து அந்த யோசனையைப் பெற்றாராம். தாருக்குப் பதில் மனிதர். பஞ்சாமிர்த ஊரில் ரோப்கார் ஓடுவதில் இப்படியும் ஒரு பொருத்தம் இருக்கிறது போலும்.

விராலிமலைக்கு ரோப்கார் வேண்டுமா என்றால், 207 படிக்கு அது மிகை என்பது எங்கள் எண்ணம். இருக்கிற வாகனப் பாதையே போதும். ஆனால் திருவிழா நாள்களில் அதில் யார் போவது என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். குன்றின் தலையில் எத்தனை வண்டிகள் நிற்க முடியும்? இருபது வயது இளைஞன் ஒருவன் பைக்கில் ஏறிப் பிடித்துவிடும் இடம், ஊன்றுகோலோடு வரும் ஒருவருடையது. முதியோருக்கும் நடக்க இயலாதோருக்கும் மட்டும் இரண்டு சிற்றுந்துகள் அடிவாரத்திலிருந்து ஓடினால் போதும். மற்றவர்கள் வண்டியை நெடுஞ்சாலைப் பக்கம் விட்டுவிட்டு நடக்கட்டும். ஏறுவதற்குத் தெம்புள்ளவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் நடை பாரமாகாது.

இப்படியெல்லாம் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு விஷயத்தை நினைவூட்டினார். "நாங்க சின்னப்புள்ளையா இருக்கையில அப்பத்தாவுக்கு ஏற முடியாது. தேரன்னைக்கு வீதியில உக்காந்துக்கிரும். சாமிதான் கீழ வருதே."

கோயில் நடைமுறை அறிந்த எவருக்கும் இது தெரிந்ததுதான். இருந்தும் இந்தக் கோணத்தில் நாங்கள் யோசித்திருக்கவில்லை. மூலவர் மலையை விட்டு அசைவதில்லை. உற்சவர் இறங்கி வருகிறார். ஏற முடியாத கிழவிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், கால் விளங்காதவர்க்கும் அவரவர் தெருவில் தரிசனம். மின்சாரமும் கம்பிவடமும் இல்லாத காலத்தில் வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. மேலே போக வழியில்லாதவருக்காக மேலிருப்பவர் கீழே வருவது. அதற்குத் தேவையானது ஒன்றே: வீதியோரத்தில் உட்கார இடம்.

கடந்த சில ஆண்டுகளுக்குள் ஒரு தைப்பூசத் தேருக்கு அம்மாவை அழைத்துச் சென்றோம். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஆட்டோவில் வந்து, மடக்கு நாற்காலியோடு மெல்ல நடந்தோம். தேர் செல்லும் தடம் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் அதன் ஓரம் முழுவதும் வேன்களும் கார்களும் பம்பரோடு பம்பர் ஒட்டி நின்றன. ஆட்கள் அவற்றின் இடுக்குகளில் நின்றார்கள். சிலர் பிள்ளைகளைக் கூரையின்மேல் ஏற்றி உட்காரவைத்திருந்தார்கள். நாற்காலி போட இரண்டடி இடம் தேடித் தேடி, கடைசியில் ஒரு வேனுக்குப் பின்னால்தான் கிடைத்தது. வேனுக்குரியவர் மலைமேல் இருந்தார் போலும். அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

தேர் வந்தது. சங்கும் மேளமும் முழங்க, வடத்தின் சலசலப்பும் "அரோகரா"வும் நெருங்கி வந்து கடந்து சென்றன. வேன் கூரைக்குமேல் தேர்க் கலசமும் அசையும் தொம்பைகளும் தெரிந்தன. அம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழ முயன்றார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்தபடியே கலசத்தை நோக்கிக் கைகூப்பினார்.

"சாமி தெரிஞ்சுதா அத்தை?" என்று கேட்டாள் வீட்டு மருமகள்.

"போனது தெரிஞ்சுச்சு" என்றார்.