உருப்படிக் கூலி

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் பரிசாக விற்கும் கம்பளி ஃபெல்ட் பொருள்களில் பல காத்மாண்டு பள்ளத்தாக்கில் செய்யப்பட்டவை. டீ பாட்டின் மேல் கவிழ்க்கும் குல்லாய், குவளையைச் சுற்றிக் கட்டும் பட்டை, அவித்த முட்டை ஆறாமலிருக்க ஒரு குட்டித் தொப்பி. டிசம்பரில் அங்கே கடையில் இருக்க வேண்டுமானால் இங்கே செப்டம்பருக்குள் பெட்டி கட்டியாக வேண்டும். நேபாளத்துக்குக் கடற்கரை கிடையாது. கப்பலில் போகிற சரக்கு லாரியில் எல்லை தாண்டி கொல்கத்தா வரை போக வேண்டும். ஆகவே வேலை உச்சத்தில் இருப்பது அடைமழை மாதங்களில். நனைந்த கம்பளி லேசில் காயாத பருவம் அது.

அப்படியொரு ஆகஸ்டில் கீர்த்திபூர் போனேன். காத்மாண்டுவுக்குத் தென்மேற்கே குன்றின் மேல் இருக்கும் நேவார் ஊர். செங்கல் வீடுகள், எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். தறிக்குப் பேர்போன இடம். சிவப்புக் கரை போட்ட கறுப்புச் சேலையை இங்கத்திய வயதான பெண்கள் இன்றும் உடுத்துகிறார்கள். மொழிபெயர்க்க ஒரு கல்லூரி மாணவி கூட வந்தாள்.

வீட்டில் தைப்பவர்களைப் பார்ப்பதற்கு முன் ஃபெல்ட் உருவாகிற பட்டறையைப் பார்த்துவிடலாம் என்று அடிவாரத்துக்குப் போனோம். தகரக் கூரை, சோப்பு நுரை ஓடும் சிமென்ட் தரை, ஈரக் கம்பளியின் வாடை. கம்பளி நியூசிலாந்திலிருந்து வருகிறது. 1959க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த திபெத்திய அகதிகளின் கையால் கம்பளத் தொழில் வளர்ந்தது. அது பெருகியபோது அந்தத் தூரதேசத்துக் கம்பளிக்குக் காத்மாண்டுவில் வழி திறந்தது. கம்பளியை இறுக்குகிற வித்தை மலைமக்களுக்குப் புதிதல்ல. குரூங் பெண்கள் கம்பளியை நெய்து, ஈரத்தில் போட்டுக் காலால் மிதித்து மிதித்து 'ராடி' என்கிற கெட்டி விரிப்பைச் செய்கிறார்கள்.

ஃபெல்ட்டுக்குத் தறியே வேண்டாம். சாயம் ஏற்றிச் சீவிய கம்பளியை மெல்லிய படலங்களாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புகிறார்கள். மேலே சோப்பு கரைத்த வெந்நீர். பிறகு உள்ளங்கையால் தேய்ப்பு, முதலில் பட்டும் படாமலும், போகப்போக அழுத்தி. அப்புறம் பாயில் சுருட்டி உருட்டுவது. கம்பளி இழையின் மேல்தோலில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டிலும் ஈரத்திலும் அவை விரிய, தேய்க்கத் தேய்க்க இழைகள் ஒரே திக்கில் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பூட்டிக்கொள்கின்றன. அதன்பின் பிரிக்க முடியாது. பரப்பும்போது இருந்த அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிப்போகும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் பரப்ப வேண்டும். சைபீரியாவின் பாசிரிக் கல்லறைகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பனியில் உறைந்து கிடந்த ஃபெல்ட் விரிப்புகள் கிடைத்தன. முறை அன்றைக்கும் அடிப்படையில் இதுதான்.

எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். "கிள்ளிப் பாருங்க. மொத்தமா எழும்பி வரணும். நார் மட்டும் தனியா வந்தா இன்னும் வேலை பாக்கி." என்னையும் கிள்ளிப் பார்க்கச் சொன்னார். எனக்கு இரண்டு துண்டுகளும் ஒன்றாகவே பட்டன. அவர் ஒன்றை ஒதுக்கி வைத்தார், மற்றதை மறுபடி வெந்நீரில் போட்டார். நாள் முழுக்கச் சூடும் சோப்பும் பட்டு அவர் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

மேலே ஊருக்குள், மூன்றாம் மாடியில் ஒரு வீடு. அங்கே தைக்கும் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோரையும் போல நானும் 'தீதி' (அக்கா) என்றே அழைத்தேன். அவர் என்னை 'பஹினி' (தங்கை) என்றார். கணவர் கத்தாரில். பட்டறையிலிருந்து வந்த பையைத் தரையில் கொட்டி, எதையும் தொடுவதற்கு முன் எண்ணினார்: வெட்டிய ஃபெல்ட் துண்டுகள், நூல் கண்டுகள், உச்சியில் வைக்கிற கம்பளி உருண்டைகள், பட்டன்கள். ஒன்று குறைந்தாலும் அது அவர் கணக்கில் விழும்.

டீ பாட் குல்லாயில் இரண்டு வகை. ஒன்று பாத்திரத்தை முழுசாக மூடும் கூடு. ஊற்றும்போது கழற்ற வேண்டும். இன்னொன்றில் மூக்குக்கும் பிடிக்கும் இரு பக்கமும் திறப்பு இருக்கும், போட்டபடியே ஊற்றலாம். இரண்டாவதுதான் சிரமம். திறப்பு சிறிதானால் மூக்கு நுழையாது, பெரிதானால் சூடு போய்விடும். ஃபெல்ட் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம் என்பதால், சாதாரணத் துணி மாதிரி உட்புறம் தைத்துத் திருப்பினால் மூட்டு மொத்தையாக நிற்கும், உள்ளளவும் குறையும். எனவே இரு விளிம்புகளையும் சேர்த்து வெளிப்பக்கமே பிளாங்கெட் தையல் போடுகிறார்கள். ஃபெல்ட் பிசிர் விடாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. ஆனால் தையல் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வருவதால் ஒரு குத்து விலகினாலும் ஒளிக்க வழியில்லை.

தீதி கோடு போட்டுக்கொள்ளவில்லை. இடது கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து, நகத்தின் பாதி அகலத்துக்கு ஒரு குத்து. நூலை இழுப்பதில்தான் அவருடைய கவனம் முழுக்க இருந்தது. கூடுதலாக இழுத்தால் விளிம்பு சுருங்கி அலையடிக்கும். தளர்ந்தால் வாய் பிளக்கும். பூவும் இலையும் வைத்துத் தைத்தபின் ஒரு பழைய எவர்சில்வர் சொம்பின் மேல் கவிழ்த்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினார். ஈரம் வாங்கிய துண்டுகளை அங்கே பரப்பி வைத்திருந்தார்.

எனக்குப் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த சியா. இலையைப் பாத்திரத்தில் ஊறவைத்து, இரண்டாவது கோப்பை ஆறாமலிருக்கக் குல்லாய் போட்டு வைக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. இருந்தும் எந்த அளவுப் பாத்திரத்துக்கு எந்த அளவு குல்லாய், ஃபெல்ட்டின் கனத்துக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. உள்ளே அசையாமல் அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது, அதனால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று எனக்கு விளக்கியவர் அவர்தான்.

ஒரு குல்லாய் தைக்க எவ்வளவு நேரமாகும்? அவரால் சொல்ல முடியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே நான்கு குத்து, அடுப்பு. பத்து குத்து, மாமியாருக்கு மருந்து. பேரன் பள்ளிவிட்டு வந்துவிட்டான். இரவு எல்லோரும் படுத்தபின் இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் தைப்பதாகச் சொன்னார். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்பதால் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. எண்ணாததால் அது குறைவா கூடுதலா என்று பேசவும் இடமில்லை. தொகையை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. திரும்பி வருகிற உருப்படிகளைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னார். தையல் சமமில்லை என்று ஒன்று திரும்பினால் பிரித்து மறுபடி தைக்க வேண்டும்; அதற்குத் தனிக் கூலி கிடையாது. ஃபெல்ட்டில் ஊசித்துளையின் தடம் நின்றுவிட்டால் துண்டின் விலையையும் பிடிப்பார்கள். தசைன் பண்டிகைக்கு முன் கணக்குத் தீருமா என்பதுதான் ஆகஸ்டில் அவருடைய கவலை.

'வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலை' என்று இதைச் சொல்வதை நான் காத்மாண்டுவிலும் கேட்டேன், நம் ஊரிலும் கேட்டிருக்கிறேன். கூலியைக் குறைப்பது அந்தச் சொற்கள்தான். நகத்தால் அளந்து, கையின் இழுவையால் விளிம்பைச் சமப்படுத்துகிற தேர்ச்சி பல வருடத்து உழைப்பு. அது தொழிற்கூடத்தில் நடந்திருந்தால் திறன்மிகு தொழிலாளி என்று பெயர் பெற்றிருக்கும்.

வேறு விதமாகவும் நடத்த முடியும். நேபாளத்தில் மீரா பட்டராய் 1984இல் தொடங்கிய கைவினை உற்பத்தியாளர் சங்கம், ஃபெல்ட் உட்படப் பல கைவினைகளைச் செய்யும் பெண்களுக்குக் கூலியோடு சேமிப்பு, மருத்துவ உதவி, பெண் குழந்தைகளின் படிப்புக்கு உதவித்தொகை என்று ஏற்பாடு செய்தது. குபண்டோலில் அவர்களுடைய 'துகுட்டி' கடை இருக்கிறது. நம் பக்கத்தில் 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்று ஏற்றது. அதன் கீழ் வந்த விதிகள், கழிவு என்று முதலாளி தள்ளுவதற்கு ஒரு வரம்பு வைத்தன. தென்காசி, திருநெல்வேலிப் பெண்களுக்கு இதன் அருமை தெரியும். கீர்த்திபூர் தீதி கேட்பதும் ஏறத்தாழ அதைத்தான்.

வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கு மற்றத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலியும் பாதுகாப்பும் வேண்டும் என்கிற 177ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. அதற்காக உழைத்தவர்களில் அகமதாபாத்தின் சேவா சங்கத்துப் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். 2000 அக்டோபரில் தெற்காசிய நாடுகளின் பிரதிநிதிகள் கூடி இந்தத் தொழிலாளர்களுக்காக ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள், அதுவும் காத்மாண்டுவிலேயே. ஆனால் 177ஆம் உடன்படிக்கையை நேபாளமும் ஏற்று உறுதிசெய்யவில்லை, இந்தியாவும் செய்யவில்லை.

காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் இந்தக் குல்லாய்களைத் தாராளமாக வாங்குங்கள். பல வருடம் உழைக்கும், குளிர்ந்த நீரில் மட்டும் அலசுங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தைத்தவருக்கு உருப்படிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? திருப்பி அனுப்பியதைப் பிரித்துத் தைத்ததற்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?