ஜெர்மனியில் மேற்படிப்பு: ஓராண்டு முன்பே தொடங்கும் வேலை

ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அதில் முதுநிலைப் படிப்பில் சேர விரும்பும் இந்திய மாணவர் முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே சான்றிதழ்களைத் திரட்டத் தொடங்கிவிடுவது நல்லது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் பல இடங்களில் ஜூலை 15. ஆனால் ஆங்கிலவழிப் படிப்புகள் பலவற்றுக்கு அதற்குச் சில மாதங்கள் முன்பே கதவு அடைபட்டுவிடும்.

முதலில் கைக்கு வரவேண்டியது ஏ.பி.எஸ். சான்றிதழ். மாணவரின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து டெல்லியிலுள்ள ஏ.பி.எஸ். அலுவலகம் தருவது இது. 2022 நவம்பர் முதல் இந்தியர்களின் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் வரும் எல்லாமே தள்ளிப்போகும்.

அடுத்தது மதிப்பெண். ஜெர்மனியில் 1 தான் உச்சம். 4 தேர்ச்சிக் கோடு. உச்ச மதிப்பெண்ணிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 கூட்டினால் ஜெர்மன் மதிப்பெண் கிடைக்கும். பத்துக்கு 5 தேர்ச்சி என்றால், 8 வாங்கியவருக்கு 2.2, 7.5 வாங்கியவருக்கு 2.5. பல படிப்புகள் 2.5 ஐயே எல்லையாக வைத்திருப்பதால், விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு, ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் வாங்குகிறது.

அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பருவக் கட்டணம் மட்டுமே. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் விதித்திருக்கிறது. 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்ற பேச்சை மட்டும் நம்பிக் குடும்பங்கள் கணக்குப் போடக் கூடாது. விசாவுக்கு ஓராண்டுச் செலவைக் காட்ட, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டு வைக்க வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. வங்கிக் கடனை நம்பியிருப்பவர்கள் அந்த வேலையையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். படிக்கும்போது மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் வந்த மாதமே வேலை கிடைக்கும் என்று எண்ணிப் பணத்தைக் குறைத்து எடுத்து வருவது ஆபத்து.

மாணவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது மொழியை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், வாடகை ஒப்பந்தமும் அலுவலகக் கடிதங்களும் ஜெர்மன் மொழியில்தான் வரும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறெங்கோ ஏ2 நிலை வரையாவது படித்துவிட்டு வருவது, ஜெர்மனியில் முதல் ஆறு மாதத்தின் பெரும் பாரத்தைக் குறைக்கும்.

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். மியூனிக் போன்ற நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் மிக நீளம். தனியார் அறைக்கு மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்கலாம். அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் இல்லாமல் பணம் அனுப்பவே கூடாது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள், வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதத்துடன் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வங்கிகள் பலவும் அந்தப் பதிவுச் சான்றைக் கேட்கும். நடப்புக் கணக்கு திறந்த பிறகே முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வரத் தொடங்கும். அதுவரைக்குமான வாடகை, முன்பணம், சாப்பாட்டுச் செலவைத் தனியாகக் கொண்டுவர வேண்டும்.